கன்சோலுக்குள் ஒளிந்திருக்கும் கேம்கள்: அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே பழைய கன்சோல்கள், அதாவது டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டிகள், ஐந்தாறு வரிசையாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் "இதெல்லாம் இன்னும் ஓடுமா?" என்பார்கள். ஓடும் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, "இதுக்குள்ள ரகசிய கேம் இருக்காமே, நிஜமா?" என்று வரும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப் போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஈஸ்டர் எக்னா என்ன? சீட் கோடும் அதுவும் ஒண்ணுதானா?

ஒரு கேமையோ கன்சோலையோ உருவாக்கியவர்கள் வெளியே சொல்லாமல் உள்ளே ஒளித்து வைத்துவிட்டுப் போகும் சமாச்சாரம்தான் ஈஸ்டர் எக். ஒரு பெயராக இருக்கலாம், ஒரு சத்தமாக இருக்கலாம், சில சமயம் முழு கேமாகவே இருக்கும். ஈஸ்டர் அன்று வண்ண முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேட விடும் மேல்நாட்டு வழக்கத்திலிருந்து வந்த பெயர்.

சீட் கோடு வேறு. அது ஆட்டத்தில் உங்களுக்கு லாபமாக எதையாவது தரும்: கூடுதல் உயிர், எல்லா ஆயுதமும், அடுத்த லெவல். ஈஸ்டர் எக்கால் பெரும்பாலும் பைசா பிரயோஜனம் இருக்காது. கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும்தான்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதை யாரும் ஒளிக்கவில்லை, எடுக்காமல் விட்டுவிட்டார்கள். சோதனைக்காக எழுதியது, பாதியில் கைவிட்டது, கடைசி நேரத்தில் முடக்கிவைத்தது எல்லாம் இதில் சேரும். ஒளித்தது, மிச்சம் என்று இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கீழே வரும் கேள்விகளில் பாதி அதைச் சுற்றித்தான்.

ஈஸ்டர் எக்னு யாரு பேரு வெச்சது?

அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அடாரியில் வேலை பார்த்த ஸ்டீவ் ரைட். காரணமாக இருந்தது அடாரி 2600 என்ற கன்சோலுக்கு வந்த 'அட்வெஞ்சர்' கேம். அதை எழுதியவர் வாரன் ராபினெட். அந்தக் காலத்தில் கேமை எழுதியவர் பெயரை அடாரி எங்கேயும் போடாது. அட்டைப்பெட்டியிலும் இருக்காது, திரையிலும் வராது. ராபினெட் வாயைத் திறக்காமல் கேமுக்குள் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த அறைக்குப் போகும் வழி அழகானது. கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் குழப்பமான பாதையில் ஒரு சின்னப் புள்ளி கிடக்கும். பின்னணியின் சாம்பல் நிறமும் அதன் நிறமும் ஒன்றுதான், அதனால் கண்ணுக்குத் தெரியாது. தட்டுப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். அதை மஞ்சள் கோட்டைக்குக் கீழே உள்ள அறைக்குக் கொண்டுவந்து, அங்கே வேறு இரண்டு பொருள்களையும் போட வேண்டும். ஒரே அறையில் இரண்டு பொருள்களுக்கு மேல் சேர்ந்தால் 2600-ஆல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைய முடியாது. மாற்றி மாற்றி வரையும், படம் மினுங்கும். அப்படி மினுங்கும்போது வலப்பக்கத் தடுப்பைக் கடந்து அடுத்த அறைக்குள் நுழையலாம். பெட்டியின் பலவீனத்தையே சாவியாக்கிய மனிதர்!

1980-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருந்த 15 வயதுப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்து அடாரிக்குக் கடிதம் போட்டான். நீக்கலாம் என்று பார்த்தால், சிப்பை மாற்றிச் செய்ய ஏறத்தாழ 10,000 டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. விட்டுவிடலாம், ஜனங்கள் ஈஸ்டர் முட்டை தேடுவது மாதிரி தேடட்டும் என்றார் ரைட். பெயர் நிலைத்துவிட்டது.

அப்போ உலகத்திலேயே முதல் ஈஸ்டர் எக் அதுதானே?

இல்லை. பெயர் அதிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அடாரியே 1977-இல் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் 1' என்ற ஆர்கேட் பெட்டியில் (கடையில் காசு போட்டு ஆடுவது), பட்டன்களைக் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் "ஹாய் ரான்!" என்று திரையில் வரும், கூடவே பத்து இலவச ஆட்டமும் கிடைக்கும். ரான் மில்னர் அதை எழுதியவர். இது வெளியுலகத்துக்குத் தெரிந்தது 2017-இல், நாற்பது வருடம் கழித்து.

வீட்டுக் கன்சோல் மட்டும் என்றால் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் பெட்டிக்கு 1978-இல் வந்த 'வீடியோ விஸ்பால்' கேமிலும் எழுதியவர் பெயர் ஒளிந்திருந்தது. "முதல்" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். இன்னும் பழையது ஒன்று எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

கேசட்டே போடாம கன்சோல்ல கேம் ஆட முடியுமா?

சிலவற்றில் முடியும். எனக்கு ரொம்பப் பிடித்தது சேகா மாஸ்டர் சிஸ்டம். அமெரிக்காவில் 1986-இல் வந்த ஆரம்பகாலப் பெட்டியாக இருக்க வேண்டும். கேசட்டும் கார்டும் இல்லாமல் ஆன் செய்தால், கேசட் போடச் சொல்லும் திரை வரும். அங்கே ரிமோட்டில் மேல் பக்கத்தையும் 1, 2 பட்டன்களையும் சேர்த்து அமுக்க வேண்டும். ஒரு நத்தை வரும். புதிர்ப்பாதையில் அதை நேரம் முடிவதற்குள் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். 'ஸ்னெய்ல் மேஸ்' என்று பெயர். அந்தப் பெட்டி ஆன் ஆனதும் ஓடும் நிரலுக்கு ஒதுக்கியது மொத்தமே 8 கிலோபைட். அதில் மிஞ்சிய இடத்தில் நத்தை குடியேறிவிட்டது.

முதல் தடவை நான் முயன்றபோது நத்தை வரவே இல்லை. அரை மணி நேரம் அமுக்கிப் பார்த்து, பெட்டிதான் வேறு என்று முடிவுகட்டிவிட்டேன். கடைசியில் பார்த்தால் 2-ஆம் பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, அமுக்கியது போய்ச் சேரவில்லை. மூன்று பட்டன் ஒன்றாக அமுக்க வேண்டிய எதற்கும் முதலில் ரிமோட்டைச் சரிபாருங்கள்.

இதே மாஸ்டர் சிஸ்டத்தின் பிந்தைய மாடல்களில் 'அலெக்ஸ் கிட்' மாதிரி முழு கேமே உள்ளே வந்தது. அது ரகசியம் இல்லை, அட்டைப்பெட்டியிலேயே போட்டு விற்றார்கள். 1982-இல் வந்த வெக்ட்ரெக்ஸ் கன்சோலில் 'மைன் ஸ்டார்ம்' கேம் இருந்ததும் அப்படித்தான். அது 13-ஆம் லெவலில் நின்றுவிடும் என்பதும், புகார் எழுதியவர்களுக்குத் திருத்திய கேசட் அனுப்பினார்கள் என்பதும் உபரித் தகவல்.

சின்ன வயசுல எங்க வீட்டுல இருந்த வீடியோ கேம்ல 9999 இன் 1 கேசட் இருந்துச்சு. அதுல நிஜமாவே அத்தனை கேம் இருந்துச்சா?

இல்லை. நம் ஊரில் தொண்ணூறுகளில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலின் நகல்கள். அந்தக் கேசட்டில் கேம் என்று பார்த்தால் சில டஜன்தான் தேறும். அதே கேமை வேறு லெவலில் தொடங்குகிற மாதிரி, உயிர் எண்ணிக்கையை மாற்றி, பெயரைக் கொஞ்சம் திரித்து மறுபடி மறுபடி பட்டியலில் போட்டிருப்பார்கள். பட்டியலில் முதல் இரண்டு பக்கம் தாண்டினால் மரியோவே வேறு வேஷத்தில் வருவார்.

இதில் ஒளித்ததும் இல்லை, மிச்சமும் இல்லை. வியாபாரம்.

காண்ட்ரால 30 உயிர் வர்ற கோடு யாரு கண்டுபிடிச்சா? எங்க தெருவுல எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது?

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. உருவாக்கியவர் ஜப்பானிய கேம் நிறுவனமான கோனாமியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. ஆனால் காண்ட்ராவுக்காக அல்ல. 'கிரேடியஸ்' என்ற ஆர்கேட் கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும் வேலை அவரிடம் இருந்தது. 1986-இல் வந்தது. சோதித்துப் பார்க்கத் தானே ஆட வேண்டும், கேமோ பயங்கரக் கஷ்டம். அதனால் எல்லா ஆயுதமும் ஒரே அடியில் கிடைக்கிற மாதிரி, தன் விரலுக்கு எளிதாக வரும் ஒரு வரிசையை வைத்துக்கொண்டார். விற்பனைக்குப் போகும்போது எடுக்க மறந்துவிட்டார்கள். ஆக, பிறப்பால் இது மிச்சம். பின்னால் கோனாமியே வேண்டுமென்று மற்ற கேம்களில் போட ஆரம்பித்த பிறகுதான் ஒளித்ததாக மாறியது. 1988-இல் அமெரிக்காவில் வந்த காண்ட்ராவில் 30 உயிர் தந்தது அப்படித்தான். ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

உங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்றால், வாய்வழியாகத்தான். அமெரிக்கப் பையன்களுக்குப் பத்திரிகை இருந்தது. நமக்கு யாரோ ஒருவனின் மாமா பையன் இருந்தான். நகல் கேசட்டுக்குள் இருந்தது அதே நிரல் என்பதால் கோடும் அப்படியே வேலை செய்தது. சில கேசட்டில் 30 உயிரோடு தொடங்கும் காண்ட்ராவையே தனி கேமாகப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அங்கே கோடு போட்டு வென்றதாகப் பெருமையடித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஸ்விட்ச்சுக்குள்ள ஒரு கோல்ஃப் கேம் ஒளிஞ்சிருக்குன்னு சொல்றாங்களே, கதையா?

கதை இல்லை. கன்சோலுக்குள் ஒளிந்த கேம்களில் இதற்கு இணையாக எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாட்டா 2015 ஜூலை 11 அன்று 55 வயதில் இறந்தார். தலைவராவதற்கு முன் அவர் புரோகிராமர். 1984-இல் ஃபேமிகாமுக்கு வந்த 'கோல்ஃப்' அவர் எழுதியது. 18 குழிகளையும் அந்தச் சின்னக் கேசட்டுக்குள் அடக்குவது நடக்காத காரியம் என்று மற்றவர்கள் ஒதுக்கியபோது செய்து காட்டினார்.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் 2017 மார்ச்சில் வந்தது. அதன் மென்பொருளைத் துருவியவர்கள் உள்ளே பழைய ஃபேமிகாம் கேமை ஓட்டும் ஒரு பகுதி இருப்பதைப் பார்த்தார்கள். அதற்குப் பெயர் 'ஃபிளாக்'. ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் கோல்ஃப். ஆனால் எப்படித் திறப்பது? அந்த ஆண்டு செப்டம்பரில் வழி தெரிந்தது. கன்சோலின் கடிகாரத்தில் தேதி ஜூலை 11 ஆக இருக்க வேண்டும். முகப்புத் திரையில் நின்றுகொண்டு, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டியிருக்கும் ஜாய்கான் ரிமோட் இரண்டையும் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பிறகு நிண்டெண்டோவின் அறிவிப்பு நிகழ்ச்சிகளில் "உங்களுக்கு நேரடியாக" என்று சொல்லும்போது இவாட்டா இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவருவாரே, அந்தச் சைகையைச் செய்ய வேண்டும். செய்தால் கோல்ஃப் திறக்கும். கையை வீசி அடிக்கும் வசதியும் சேர்த்திருந்தார்கள்.

தேதியை மாற்றி ஏமாற்றவும் எளிதில் முடியாது. ஒரு தடவை இணையத்தோடு இணைந்த ஸ்விட்ச் அங்கிருந்து வாங்கிய நேரத்தையே உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும், நீங்கள் திரையில் மாற்றும் தேதியை நம்பாது. அதனால் இணையமே பார்க்காத பெட்டி வேண்டும், இல்லையென்றால் ஜூலை 11 வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜப்பானில் சிலர் இதை 'ஒமாமோரி' என்றார்கள். நம் தாயத்து மாதிரி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவர் இருந்து காக்கிறார் என்ற எண்ணம். நிண்டெண்டோ விளக்கம் எதுவும் தரவில்லை.

அப்போ என் ஸ்விட்ச்ல இந்த ஜூலைக்கு முயற்சி பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம், கைதான் வலிக்கும். 2017 அக்டோபரில் வந்த 4.0 அப்டேட்டோடு கோல்ஃபை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மென்பொருளோடு, அப்டேட்டே ஆகாமல் இருக்கும் பெட்டி கிடைத்தால்தான் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் இணையத்தில் இணைக்காதீர்கள்.

சரி, இப்போ வீட்டுல இருக்கிற கன்சோல்ல உடனே பார்க்கக்கூடியது ஏதாவது சொல்லுங்க.

நிண்டெண்டோ கேம்கியூப் இருந்தால் ஆன் செய்யும்போது ரிமோட்டில் இசட் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருங்கள். வழக்கமான இசைக்குப் பதில் பொம்மைச் சத்தமும் குழந்தைச் சிரிப்பும் கேட்கும். நான்கு ரிமோட் செருகி நான்கிலும் இசட்டைப் பிடித்தால் ஜப்பானிய நாடக மேடைத் தாளம் வரும். ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நான்கு ரிமோட்டிலும் ரப்பர் பேண்டு சுற்றி இதைக் கேட்டேன். இன்னொன்று, அந்த மெனுவில் பின்னணியில் ஏதோ விண்வெளியில் மிதப்பது மாதிரி ஓர் ஓசை ஓடும் அல்லவா? அதைப் பதிவு செய்து பல மடங்கு வேகமாக ஓட்டினால் 1986-இல் வந்த ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்தின் தொடக்க இசை. மெதுவாக்கியே ஒளித்திருக்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் 2-இல் ஆன் ஆகும்போது இருட்டில் தூண்கள் எழும்பும். அது வெறும் அலங்காரம் இல்லை. நீங்கள் எத்தனை கேம் ஆடினீர்கள், எத்தனை முறை ஆடினீர்கள் என்று மெமரி கார்டில் பதிவாகும் கணக்குதான் தூண்களாக வளர்கிறது. புது மெமரி கார்டு போட்டால் வெறும் பொட்டல். நண்பன் வீட்டுப் பெட்டியில் தூண்கள் காடு மாதிரி நிற்பதைப் பார்த்தால் அவன் படித்தானா என்று தெரிந்துவிடும்.

நிண்டெண்டோ டிஎஸ்ஸில் உங்கள் பிறந்தநாள் அன்று ஆன் செய்தால் தொடக்க மணி வேறு மாதிரி அடிக்கும். கேம்பாய் கலரில் பழைய கறுப்பு வெள்ளை கேசட் போட்டு, எழுத்து வரும் நேரத்தில் திசைப் பட்டனை அமுக்கினால் வண்ணம் மாறும். ஸ்விட்ச்சைத் திறக்க ஏதாவது ஒரு பட்டனை மூன்று முறை அமுக்குகிறோமே, அங்கே ஏ பட்டனை விட்டுவிட்டு மற்றவற்றை அமுக்கிப் பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ்ல இருபது வருஷம் யாரும் கண்டுபிடிக்கலைன்னு ஒண்ணு இருக்காமே?

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ். அதில் பாட்டு சிடியைப் போட்டுப் பெட்டிக்குள் நகலெடுக்கும் வசதி உண்டு. நகலெடுத்த தொகுப்புக்கு நாம் ஒரு பெயர் வைக்க வேண்டும். அங்கே ஒரு குறிப்பிட்ட விசித்திரப் பெயரை வைத்தால் முகப்புத் திரையை உருவாக்கிய குழுவினரின் பெயர்கள் வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. 2021-இல் அந்தக் குழுவில் இருந்த ஒருவர் தன் பெயரைச் சொல்லாமல் ஒரு கேம் செய்தித் தளத்தைத் தொடர்புகொண்டு, இன்னொன்றும் உண்டு, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று சொன்னார். டிம்மி என்ற பெயரின் கடைசி எழுத்தை இழுத்து இழுத்து எழுதி ஆச்சரியக்குறி போட வேண்டும். பிறகு சிஸ்டம் தகவல் பக்கத்துக்குப் போனால் அங்கே இன்னொரு பெயர்ப் பட்டியல்.

இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்க முடியாமல் தானே சொல்லிவிட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2009-இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' கேமிலும் இதே கதை. சிறை அதிகாரியின் அறையில் எந்தக் குறியும் இல்லாத ஒரு சுவரை வெடித்தால், அடுத்து வரப்போகும் கேமின் வரைபடம் இருக்கும். யாரும் கண்டுபிடிக்கவில்லை, உருவாக்கியவர்களே சொல்ல வேண்டியதாயிற்று.

கேமுக்குள்ள பழைய கேம் மிச்சமா கிடந்த கதை ஏதாவது உண்டா? ஏன் சுத்தமா அழிக்க மாட்டேங்கிறாங்க?

சிறந்த உதாரணம் 'கோல்டன்ஐ 007'. நிண்டெண்டோ 64-க்கு 1997-இல் ரேர் நிறுவனம் செய்தது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய பிரிட்டிஷ் கம்ப்யூட்டரின் கேம்களை நிண்டெண்டோ 64-இல் ஓட்ட முடியுமா என்று யாரோ பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கான எமுலேட்டரும் (ஒரு பெட்டியின் கேமை இன்னொன்றில் ஓட்டும் நிரல்), 'சேபர் வுல்ஃப்', 'ஜெட்பேக்', 'நைட் லோர்' உள்ளிட்ட 10 ஸ்பெக்ட்ரம் கேம்களும் கேசட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தன. 2012-இல்தான் வெளியே தெரிந்தது. ரிமோட்டில் எதை அமுக்கினாலும் வராது, நிரலில் கைவைத்தால்தான் வரும். கோடிக்கணக்கான மணி நேரம் ஆடப்பட்ட கேசட்!

அழிக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். கேம் சோதனை முடிந்து தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கினால் வேறு எது சாயும் என்று யாருக்கும் தெரியாது. வழியை மட்டும் அடைத்துவிட்டு அப்படியே விடுவதுதான் பத்திரம். வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பைப்பைத் தோண்டாமல் மூடியைப் போட்டு அடைப்போமே, அதேதான்.

போகிமான் கேமில் வரும் மியூ என்ற பிராணி, ஒளித்தது, மிச்சம் என்ற இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. முதல் போகிமான் கேமின் வேலை முடிந்து, சோதனைக் கருவிகளை நீக்கியபோது கேசட்டில் 300 பைட் அளவுக்கு இடம் காலியானது. ஷிகெகி மொரிமோட்டோ அதில் மியூவைத் திணித்துவிட்டார். மிச்ச இடத்தில் ஒளித்தது!

அந்த மியூ, கப்பல் பக்கத்துல நிக்கிற லாரிக்கு அடியில இருக்குன்னு சொல்வாங்களே?

லாரி இருக்கிறது. மியூ இல்லை. அந்த லாரியை எந்த வழியிலும் நகர்த்த முடியாது. வேறு எங்கேயும் வராத ஒரு படம் அந்த மூலையில் நின்றதுதான் வதந்திக்கு விதை.

பத்திரிகையே கிளப்பிவிட்ட பொய்யும் உண்டு. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை கேமில் ரியூ என்ற வீரன் வென்றதும் "ஷெங் லாங்கைத் தோற்கடிக்க வேண்டும்" என்று ஒரு வசனம் வரும். உண்மையில் அது ஷோர்யூக்கென் என்ற குத்தின் பெயரை மொழிபெயர்த்ததில் வந்த குளறுபடி. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க கேம் இதழ், ஷெங் லாங் என்ற ரகசியக் கிழவரை வரவழைக்கும் வழி என்று ஒரு பக்கம் போட்டது. ஏப்ரல் முட்டாள் விளையாட்டு. காசு போட்டு முயன்றவர்கள் பாவம்.

என் அளவுகோல் எளிது: எந்தப் பெட்டி, எந்தப் பதிப்பு, எந்தத் திரையில், எந்தப் பட்டன் என்று நான்கும் சொன்னால் நம்பிப் பார்க்கலாம். "நூறு தடவை செஞ்சா சில சமயம் வரும்" என்றால் வராது.

நானே தேடணும்னா எங்கே ஆரம்பிக்கிறது?

இரண்டு வழி. முதலாவது கையால் தேடுவது. ஆன் ஆகும் நேரம், டைட்டில் திரை, பெயர் எழுதும் இடம், ஒலிச் சோதனைப் பட்டியல், தேதி, ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடும் நேரம் ஆகிய இடங்களில்தான் ஒளிப்பார்கள். இரண்டாவது ரிமோட்டை மறக்காதீர்கள். 1994-இல் வந்த 'சூப்பர் பஞ்ச்-அவுட்' ஒருவர் மட்டும் ஆடும் கேம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டாம் ரிமோட்டில் சில பட்டன்களைப் பிடித்துக்கொண்டால் இருவர் மோதலாம் என்று 2022-இல்தான் தெரிந்தது.

இரண்டாவது, உள்ளே இருக்கும் எண்களைப் படிப்பது. இப்போது வரும் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். கேசட்டின் நகலைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டரில் ஓட்டி, நிரல் என்ன செய்கிறது என்று வரி வரியாகப் பார்ப்பது. பயப்பட வேண்டாம், ஒரு உதாரணம் காட்டுகிறேன். ஃபேமிகாம் ரிமோட்டில் எட்டே பட்டன்கள். பல கேம்கள் அவற்றை ஒரே பைட்டில் வைத்துக்கொள்ளும்: நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் ஏ 80, பி 40, செலக்ட் 20, ஸ்டார்ட் 10, மேல் 08, கீழ் 04, இடம் 02, வலம் 01. இப்போது மேலே சொன்ன காண்ட்ரா கோடை எண்களாக எழுதிப் பாருங்கள்: 08 08 04 04 02 01 02 01 40 80. ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவே இப்படி ஒரு வரிசை கிடந்தால் அது தற்செயல் இல்லை. இந்த எட்டு எண்களால் மட்டுமே ஆன எந்த நீளமான வரிசையும் சந்தேகத்துக்குரியது.

படங்களைத் தனியாகக் காட்டும் வசதியும் எமுலேட்டர்களில் உண்டு. ஆட்டத்தில் எங்கும் பார்த்திராத ஒரு படம் அங்கே இருந்தால், அதை எந்த வரி கூப்பிடுகிறது என்று பின்னோக்கித் தேடுங்கள். எந்த வரியும் கூப்பிடவில்லை என்றால் அது மிச்சம்.

அதுக்கு கேமை இணையத்துல டவுன்லோட் பண்ணிக்கலாமா? தப்பா?

பழைய கேம் என்பதால் காப்புரிமை போய்விடாது. இந்தியாவின் 1957 காப்புரிமைச் சட்டம், முறையாக வாங்கிய மென்பொருளுக்கு ஒரு பாதுகாப்பு நகல் எடுத்துவைக்க இடம் தருகிறது. யாரோ ஏற்றிவைத்ததை இறக்குவது அதில் வராது. நான் என்னிடம் உள்ள கேசட்டுகளை மட்டும், அதற்கென்று விற்கும் ரீடரில் செருகி நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

பெட்டியைக் கழட்டினா உள்ளே ஏதாவது இருக்குமா?

எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸின் சர்க்யூட் போர்டில் 'ஹேலோ' கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப் ஒரு தேள் மேல் சவாரி செய்யும் குட்டிப் படம் அச்சாகியிருக்கும். அந்தப் பெட்டி தயாரிப்பில் இருந்தபோது அதன் பெயர் ஸ்கார்ப்பியோ. பிளேஸ்டேஷன் 5-இன் ரிமோட்டில் சொரசொரப்பாக இருக்கும் இடத்தை பூதக்கண்ணாடியில் பாருங்கள். முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று பொடிப்பொடியாக நிரம்பியிருக்கும். இதற்குக் கழற்ற வேண்டாம். வாரண்டி இருக்கும் பெட்டியை இதற்காகத் திறக்காதீர்கள், படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளிச்சு வெச்சதால கம்பெனிக்குப் பிரச்சினை வந்ததுண்டா?

வந்தது. 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் வயது வந்தோருக்கான ஒரு பகுதி எழுதி, முடக்கி, எடுக்காமல் விட்டிருந்தார்கள். முன்பு சொன்ன அதே பைப் மூடிக் கதை. 2005-இல் ஒருவர் மூடியைக் கழற்றும் வழியை வெளியிட்டார். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு கேமைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது, கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. அதற்குப் பிறகு மிச்சம் விடுவதில் நிறுவனங்கள் கொஞ்சம் உஷார்.

அதற்காக விளையாட்டு நின்றுவிடவில்லை. 2016-இல் வந்த குட்டி நிண்டெண்டோ பெட்டியின் நிரலுக்குள், அதைத் துருவ வருகிறவர்களுக்காகவே ஒரு குறிப்பு இருந்தது. இதற்குப் பின்னால் நிறைய உழைப்பும் கண்ணீரும் இருக்கிறது, உள்ளே வந்தவர்கள் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் உடைத்துவிடாதீர்கள் என்ற பொருளில். கையெழுத்து: ஹனஃபுடா கேப்டன். 1889-இல் நிண்டெண்டோ தொடங்கியது ஹனஃபுடா என்ற சீட்டுக்கட்டு விற்றுத்தான்.

எல்லாத்தையும்தான் கண்டுபிடிச்சாச்சே, இனிமே என்ன இருக்கப்போவுது?

1983-இல் அடாரி கம்ப்யூட்டருக்கு வந்த 'டாங்கி காங்'-இல் லேண்டன் டயர் தன் பெயரின் முதலெழுத்துகளை ஒளித்திருந்தார். கிடைத்தது 2009-இல். ஸ்டார்ஷிப் கதை மேலே பார்த்தீர்கள்.

1987-இல் வந்த 'பஞ்ச்-அவுட்' இன்னும் மோசம். குத்துச்சண்டை மேடைக்குப் பின்னால் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு தாடிக்காரர். பிஸ்டன் ஹோண்டாவோடு மோதும்போது, ஒரே குத்தில் ஹோண்டாவைச் சாய்க்க வேண்டிய சரியான நொடியில் அந்தத் தாடிக்காரர் தலையைக் குனிவார். இதை ஒருவர் கவனித்துச் சொன்னது 2016-இல். நிரலுக்குள் புதையவில்லை, மூடி போட்டு அடைக்கவில்லை, 29 வருடமும் திரை நடுவிலேயே உட்கார்ந்து குனிந்துகொண்டிருந்தார். அந்த ஆட்டத்தை நான் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன். அவரைப் பார்த்ததாக நினைவே இல்லை.